ஐந்து கோடி எழுபது இலட்சம் சுன்னாகம்

ரொறன்ரோ,
18.11.1991

அன்புள்ள அண்ணைக்கு,

குணம் எழுதுகிறேன். நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் அருந்ததியும் சேதமில்லாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

கொழும்புக்கு வரும் ஒருவரிடம் சின்னக் கல்குலேற்றர் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். பாற்றரி தேவையில்லை, வெளிச்சத்தில் ஓடும். உங்களுக்கென்று வாங்கியதுதான், ஆனால் அதில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

வேலையிடத்தில் திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் ரி.வி. பார்க்கக் கிடைக்கிறது. விண்வெளிக் கப்பல் ஒன்றைப் பற்றிய தொடர் நாடகம் போகிறது. கப்பலின் பெயர் என் வாயில் நுழையாது. நான் வைத்த பெயர் வெள்ளைக் கப்பல். போன கிழமை அதன் பாதையில் ஒரு பெரிய பனிப்பாறை மிதந்து வந்தது. கப்பலின் மூக்கிலிருந்து நீல ஒளி புறப்பட்டது. ஆறு செக்கனில் பாறை முழுவதும் ஆவியாகிப் போய்விட்டது. நாடகக்காரர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. இதற்கு எத்தனை மெகாவாற் வேண்டும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

கலியாணத்தோடு மூடி வைத்த கணக்குக் கொப்பி அண்ணை, பதினான்கு வருடத்துக்குப் பிறகு திறந்திருக்கிறேன். அவரிடம் சொன்னேன். "உமக்கு வேறை வேலை இல்லையோ?" என்று சிரித்தார். அடுத்த நாள் நூறு தாள் கொப்பி ஒன்றும் பென்சிலும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

கப்பலின் நீளம் முந்நூறு மீற்றர். பாறை அதில் பாதி, நூற்றைம்பது. பனி என்றால் பதினாறு இலட்சம் தொன். அதைச் சூடாக்கி உருக்கும் சக்தியை ஆறு செக்கனால் பிரித்தேன். இருபது கோடி மெகாவாற் வருகிறது. சரியா பிழையா என்று கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வாழ்க்கை முழுவதும் மெகாவாற் பார்த்தவர் நீங்கள்தானே.

மச்சாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அருந்ததிக்கு என் முத்தம்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
குணம்

*

சுன்னாகம்,
09.01.1992

அன்புத் தங்கை குணத்துக்கு,

உன் கடிதம் கப்பல் தபாலில் வந்தது. மூவரும் நலம். மச்சானின் உடம்பும் உன் உடம்பும் அந்தக் குளிரில் எப்படியோ என்றுதான் உன் மச்சாள் சிவக்கொழுந்து அடிக்கடி கேட்கிறாள்.

கல்குலேற்றர் பத்திரமாக வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவரை வழியில் மறித்து "உது என்ன?" என்று கேட்டார்களாம். பின்மூடியைக் கழற்றி, தடை செய்த பாற்றரி உள்ளே இல்லை என்று காட்டியபிறகு விட்டார்களாம். அருந்ததி அதை முற்றத்து வெயிலில் பிடித்துப் பெருக்குகிறாள், கையால் மறைக்கிறாள், எண் அழிகிறது, கையை எடுக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சுவிட்ச் போட்டு ஒன்று எரிவதைப் பார்த்து ஒன்றரை வருடம். உனக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நான் கிழமைக்கு இரண்டு நாள், சண்டையோடு நின்றுபோன மின்நிலையத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறேன். சுவிட்ச்போர்ட்டுக்கு முன்னால் அதே கதிரை. ஊசிகள் எல்லாம் பூச்சியத்தில் நிற்கின்றன. மணிக்கொரு தரம் நிரப்ப வேண்டிய லொக் தாள்கள் வெறுமையாகக் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. உன் கணக்கை அதில்தான் போட்டுப் பார்த்தேன். இந்தக் கடிதமும் அதன் பின்பக்கம்தான்.

பிழை இருக்கிறது, பிள்ளை. பனியை உருக்கித் தண்ணீராக்கிச் சூடாக்கிவிட்டு நிறுத்திவிட்டாய். பாறை ஆவியாகப் போனது என்கிறாய். கொதிக்கிற தண்ணீரை ஆவியாக்கத்தான் பெருஞ்செலவு. அதையும் சேர்த்தால் கிலோவுக்கு மூன்று மெகாயூல் வரும். உன் விடையை நாலால் பெருக்கு. எண்பது கோடி மெகாவாற்.

அவ்வளவு பெரிய எண்ணை எனக்குக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அதனால் எங்கள் நிலையத்தைப் பதினாலு மெகாவாற் என்று வைத்துப் பிரித்தேன். எல்லா எஞ்சினும் ஒன்றாக ஓடுகிற சத்தம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உன் காலடியில் நிலம் அதிரும். அப்படி ஐந்து கோடி எழுபது இலட்சம் சுன்னாகம் சேர்ந்தால் உன் வெள்ளைக் கப்பல்.

ஆனால் முந்நூறு மீற்றர் என்று யார் சொன்னது? ஆறு செக்கனை எதைப் பார்த்து எண்ணினாய்? அளவு பிழைத்தால் கணக்கு முழுதும் பிழைக்கும். பார்த்து எழுது.

வருகிற ஆளிடம், சிவக்கொழுந்து பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் கொடுத்துவிடுகிறேன்.

உன் நலத்தை என்றும் வேண்டும்,
அண்ணன் மார்க்கண்டு

*

ரொறன்ரோ,
27.02.1992

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஐந்து கோடி எழுபது இலட்சம் சுன்னாகம் என்பதை மட்டும் எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அன்று முழுக்க எனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சிரித்துக் கனகாலம். நீங்கள் இதற்காக இருந்து கணக்குப் போட்டதை நினைக்க நெஞ்சு நிறைகிறது.

புழுக்கொடியல் வந்தது. அவர் சாப்பிட்டார், நான் மணந்து பார்த்தேன்.

இனி அளவு. ஒரு காட்சியில் யன்னல் ஒன்றில் மனிதன் நிற்கிறான். யன்னல் அவனைவிடச் சற்று உயரம். அந்தக் கணக்கில் ஒரு தட்டுக்கு மூன்று மீற்றர் வைத்தேன். கப்பலில் பத்துத் தட்டு, ஆகவே உயரம் முப்பது. அதே பாகம் மறுபடியும் போனபோது, இங்கே வேலை செய்யும் பிள்ளை ஒருத்தியைக் கேட்டேன். அவள் எனக்காக அடிமட்டத்தைத் திரையில் வைத்துப் பிடித்தாள். கப்பலின் நீளம் உயரத்தைப் போலப் பத்து மடங்கு. முந்நூறு.

பக்கத்துக் கதிரையில் மார்கிரட் என்று ஒரு வயதான பெண் இருக்கிறாள். ரயில்வேயில் வேலை செய்தவளாம். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பைத்தியம் என்பாள் என்று நினைத்தேன். அவளோ தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டுகளை நான் பத்து என்றால் தான் பதினொன்று என்கிறாள். இப்போது திங்கட்கிழமை வருவதற்கு இரண்டு பேரும் ஆவலாக இருக்கிறோம்.

நேரத்துக்கு மணிக்கூடு பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு சில்லு சுற்றிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்குச் சரியாக இருபத்தைந்து சுற்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீல ஒளி தொடங்கி முடிய இரண்டரைச் சுற்று. ஆகவே ஆறு செக்கன்.

அடுத்தது என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். எனக்குப் பின்னேரங்கள் நிறைய இருக்கின்றன.

உங்கள் எல்லாரையும் நினைத்தபடி,
குணம்

*

சுன்னாகம்,
12.04.1992

அன்புத் தங்கைக்கு,

நாளை வருடப் பிறப்பு. கைவிசேடக் காசு தர நீ பக்கத்தில் இல்லை. அந்தக் குறையைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

யன்னல் மனிதனை வைத்து அளந்தது நல்ல வேலை. என்னோடு ஷிப்ற் பார்த்தவர்களில்கூட இப்படி யோசிக்கக்கூடியவர்கள் குறைவு. மார்கிரட்டுக்கு என் வணக்கம். தட்டு பதினொன்றாக இருந்தாலும் சுன்னாகம் ஒன்றிரண்டு கோடி கூடுமே தவிர வேறொன்றும் கெட்டுப்போகாது என்று சொல்.

இப்போது எனக்கொரு கேள்வி. எந்த எஞ்சினும் தின்பதை எல்லாம் வேலையாக மாற்றாது. பாதிக்கு மேல் வெப்பமாகக் கழியும். எங்களுக்கு அதற்கென்றே தண்ணீர்த் தொட்டிகள், குழாய்கள், புகைபோக்கி. தண்ணீர் நின்றால் பத்து நிமிடத்தில் எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது, ஆனால் எவ்வளவு கழிக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தே சொல்லலாம். உன் கப்பல் ஐந்து கோடி சுன்னாகத்தின் கழிவை எந்த வழியால் வெளியே விடுகிறது? எங்கேயாவது சிவப்பாகக் காய்கிறதா, ஆவி போகிறதா என்று பார்.

இன்னொன்று. உனக்குப் பக்கத்தில் சுற்றும் சில்லு என்ன மெஷினுடையது? இருபத்தைந்து சுற்று என்பது தையல் மெஷினுக்கும் குறைவு, நூல் சுற்றுவதற்கும் குறைவு. சும்மா அறிய ஆசை.

சிவக்கொழுந்து உனக்காக அம்மனுக்கு விளக்கு வைத்தாள்.

அன்புடன்,
அண்ணன்

*

ரொறன்ரோ,
01.06.1992

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

இதுவரை பதினெட்டுப் பாகம் பார்த்துவிட்டேன். கப்பல் ஒரு இடத்திலும் எதையும் கழிக்கவில்லை. சிவக்கவும் இல்லை, ஆவி விடவும் இல்லை. எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி, கழிக்க வழியில்லாத கப்பல் தன் கழிவிலேயே வெந்துபோகும். இல்லாவிட்டால் கிழமைக்கு மூன்று தரம் அதைத் துறைமுகத்தில் கட்டி வைக்க வேண்டும். வேறொரு இயந்திரம் அதற்காகக் கழித்துக் கொடுக்க வேண்டும். அப்படியும் ஓடலாம். எத்தனை வருடம் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

மார்கிரட் மூன்று கிழமையாக வரவில்லை. அவளுடைய கதிரையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருக்குக் கப்பலில் விருப்பம் இல்லை.

களைப்பாக இருக்கிறது. அடுத்த முறை நிறைய எழுதுகிறேன்.

குணம்

*

சுன்னாகம்,
03.08.1992

என் அன்புத் தங்கை குணத்துக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன்னைச் சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

நீ சில்லைப் பற்றிப் பதில் எழுதவில்லை. அதனால் உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துச் சுவிட்ச்போர்ட் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். கப்பலுக்கு நீ செய்ததை நான் கடிதத்துக்குச் செய்து பார்த்தேன். உன் எழுத்து வலப்பக்கம் போகப்போகக் கீழே சரிகிறது. பதினெட்டு வருடம் லொக் தாள் பார்த்தவன் நான். எழுதுகிறவனின் இடக்கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் வரி அப்படித்தான் சரியும், தாளைப் பிடிக்கக் கை இல்லாதபடியால். மூன்று கடிதத்திலும் உன் இடக்கைக்கு என்ன வேலை? அடிமட்டம் பிடிக்க ஏன் எழும்பிப் போகவில்லை? புழுக்கொடியலுக்கு என்னோடு சண்டை பிடித்து வளர்ந்தவள் ஏன் மணந்து பார்த்தாய்?

ஆசுப்பத்திரியில் மருந்து கொடுத்த பழைய அப்போதிக்கரி ஏரம்புவிடம் போனேன். அவர் இடம்பெயர்ந்து வந்து இப்போது எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார்.

"ஒரு சில்லு. நிமிசத்துக்கு இருபத்தைஞ்சு சுத்து. கிழமையிலை மூண்டு நாள், பின்னேரம் முழுக்கக் கதிரையிலை இருக்க வேணும்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு கையை ஆட்டாமல் வைச்சிருக்க வேணுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஒடியல், வாழைப்பழம், இளநீர் ஒண்டும் ஆகாதோ?"

"ஒடியல் தின்னேல்லை எண்டு தெரியும்."

"மார்க்கண்டு, உது கிட்னி வேலை செய்யாத ஆக்களுக்கு இரத்தம் சுத்தம் செய்யிற மெஷின். ஆர் அது?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எழும்பி உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

குணம், என் கணக்கு பிழையென்றால் பிழை என்று எழுது, சந்தோசமாக ஏற்றுக்கொள்கிறேன். சரியென்றால் இதையும் கேள். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குச் சைக்கிளில் போய் இரத்தம் பார்த்துவிட்டேன். என்னுடையது ஓ குரூப். ஓ குரூப் ஆருக்கும் கொடுக்கலாமாம். மற்றச் சோதனைகளும் குறையில்லை என்கிறார்கள்.

உண்மையை எழுது.

உன் அண்ணன்

*

ரொறன்ரோ,
21.09.1992

என் அண்ணைக்கு,

உங்கள் கணக்கு சரி.

இரண்டு வருடமாகிறது. முதலில் கால் வீங்கியது, நின்று வேலை செய்வதால் என்று நினைத்தேன். வேலையை விட்டும் இரண்டு வருடம். நான் வேலையிடம் என்று எழுதியதெல்லாம் ஆசுப்பத்திரி. அடிமட்டம் பிடித்த பிள்ளை நேர்ஸ். மார்கிரட் மே மாதத்தில் செத்துப்போனாள். அவளுடைய மகள் வந்து, அம்மா தன் கொப்பியை எனக்குக் கொடுக்கச் சொன்னாள் என்று தந்தாள். உள்ளே பதினொரு தட்டையும் கீறி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தாள்.

அவர் தன்னுடைய கிட்னி ஒன்றைக் கொடுக்கக் கேட்டார். அவருக்குச் சீனி வருத்தம், எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். காரில் இருந்து அழுதார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு இரண்டாவது வேலைக்குப் போனார். உங்களுக்கு எழுதக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது எழுதாமலே செய்திருக்கிறீர்கள்.

அண்ணை, ஒன்று சொல்கிறேன். மெஷினில் இருக்கும் நாலு மணித்தியாலமும் முன்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் போகாமல் விட்டாலென்ன என்றும் நினைத்திருக்கிறேன். நீங்கள் முதல் கணக்கைத் திருத்தி அனுப்பிய பிறகு ஒரு நாளும் தவறவில்லை. ஒரு திங்கட்கிழமை பனி கொட்டி பஸ் நின்றுவிட்டது. நடந்து போனேன், கப்பலைப் பார்ப்பதற்காக. இருக்கிற உயிர் உங்களால் இருக்கிறது. எனக்கு அது போதும்.

வர வேண்டாம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருகிற ஒரே வழியான கிளாலிக் கடல் எப்படி என்று இங்கேயும் பேப்பரில் வருகிறது. மச்சாளையும் அருந்ததியையும் விட்டுவிட்டு அந்தப் படகில் ஏற வேண்டாம். அம்மா இருந்தால் அவவும் இதைத்தான் சொல்லுவா.

உங்கள் காலைத் தொட்டு,
குணம்

*

ரொறன்ரோ,
30.11.1992

அன்புள்ள அண்ணைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் வரும் நேரம் யன்னலில் நிற்கிறேன். வேறு ஆட்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வருகிறது. எனக்கு மட்டும் இல்லை.

கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி போடுங்கள். கப்பலைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். நாலு பேரும் சுகம் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று பேர் என்று எழுத வந்தேன், கை என்னையும் சேர்த்து நாலு என்று எழுதிவிட்டது. இருக்கட்டும்.

குணம்

*

சுன்னாகம்,
14.12.1992

அன்பு மச்சாள் குணலட்சுமிக்கு,

சிவக்கொழுந்து எழுதிக்கொள்வது. நானும் அருந்ததியும் நலம். உங்களுடைய வருத்தம் குறைய வேண்டுமென்று நாள்தோறும் கும்பிடுகிறேன். எனக்கு உங்களைப்போலக் கோவையாக எழுத வராது.

உங்கள் அண்ணன் வெளிக்கிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு ஒன்பதாம் நாள். உங்களுக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் மறிப்பாள் என்றார். அவர் போனபிறகு நான் சொல்லலாம் என்று நானே முடிவெடுத்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினார். பிறகு என்னிடம், "இஞ்சை பார், ஆளுக்கு ரெண்டு இருக்கு. ஒண்டு காணுமாம்," என்றார்.

"எனக்கு ரெண்டு மனுசன் இல்லை," என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம்தான். மச்சாள், மறைக்காமல் எழுதுகிறேன், அந்த இரண்டு நாளும் எனக்கு உங்களில் சரியான கோபம். மூன்றாம் நாள் வீடு கூட்டும்போது அவருடைய லொக் தாள்களைக் கண்டேன். கப்பல் கீறி, பாறை கீறி, எண்ணெண்ணாகப் போட்டிருந்தார். அவை இல்லாத தாள் ஒன்றும் இருந்தது. அதில் உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே கிழமைக்கு மூன்று, மாதத்துக்குப் பதின்மூன்று, வருடத்துக்கு நூற்றைம்பத்தாறு என்று ஊசி குத்துகிற கணக்குப் போட்டு, இரண்டு வருடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று முடித்துக் கோடு கீறியிருந்தார். அந்தக் கோடு தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

தாளை இருந்தபடி வைத்தேன். அவர் வந்ததும், "ஊரை விட்டுப் போகப் பாஸ் எடுக்க வேணும், பிணை ஆர் நிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆரையும் கேக்கேல்லை."

"நான் நிக்கிறன். வெளிக்கிடுங்கோ," என்றேன்.

இரண்டு பேரும் பாஸ் கொடுக்கிற இடத்தில் போய் நின்றோம். திரும்பி வராவிட்டால் என்னிடம்தான் கேட்பார்கள் என்று வாசித்துக் காட்டினார்கள். ஓம் என்று கையெழுத்து வைத்தேன். ஏரம்பு அப்போதிக்கரி கிளாலி வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். படகு போனதைக் கண்டதாகச் சொன்னார். அதற்கப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிய வந்தால் உடனே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மச்சாள் சிவக்கொழுந்து

*

கொழும்பு,
22.02.1993

அன்புத் தங்கை குணத்துக்கு,

ரெலிபோனில் நீ அழுததில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். நான் நலம். சிவக்கொழுந்துக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டேன், அவர்களும் நலம்.

கடலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எழுதியிருப்பேன் என்று நீ நம்பப்போவதில்லை. உண்மை இதுதான். ஐந்து படகைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, முன்னால் ஒரு எஞ்சின் படகு இழுத்தது. முழங்கால்மட்டுக்குத் தண்ணீர் வந்தது, ஆளாளுக்கு அள்ளி ஊற்றினோம். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்தபடி தேவாரம் சொன்னாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. விடிந்தபோது அந்தப் பக்கக் கரை தெரிந்தது.

வவுனியா தாண்டி ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மேலே நாற்பது வாற் பல்ப் ஒன்று பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். கடைக்காரர், "என்னண்ணை, ஏதும் விழுந்ததோ?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, சும்மா," என்றேன். அவர் யாழ்ப்பாணமா என்று கேட்டார். ஓம் என்றேன். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

போன கிழமை விசாவுக்குக் கூப்பிட்டார்கள். உன் ஆசுப்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். அதிகாரி என்னைக் கனநேரம் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்கிற பிள்ளையிடம் ஏதோ கேட்டார்.

"திரும்பி வருவீங்களோ எண்டு கேக்கிறார்."

"என்ரை மனுசி எனக்குப் பிணை நிக்கிறா எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளை அதை எப்படிச் சொன்னாளோ தெரியாது, இங்கிலீசில் நிறைய நேரம் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய கண் கலங்கியது. அதிகாரி பேனையைத் திறந்தார்.

மச்சானிடம் சொல், எனக்கென்று குளிர்ச்சட்டை புதிதாக வாங்க வேண்டாம். அவருடைய பழையது காணும்.

நேரில் காண்போம்,
அண்ணன்

*

ரொறன்ரோ,
05.09.1993

என் அன்பு மச்சாள் சிவக்கொழுந்துக்கு,

நீங்களும் அருந்ததியும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் நலத்தைப் பற்றி இந்த முறை பொய் இல்லாமல் எழுதலாம். ஆனி எட்டாம் திகதி அண்ணையினுடையதை எனக்கு வைத்தார்கள். சோதனையில், இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது என்றார் டொக்ரர்.

கண் விழித்தபோது நேர்ஸ் சிறுநீர் சேர்கிற பையைத் தூக்கிக் காட்டினாள். எனக்குச் சலம் போயிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் சரியாகப் போகாத ஆளுக்கு அது எப்படியென்று எழுத வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு எழுதாமல் ஆருக்கு எழுத? அவர் அந்தப் பையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த அறையில் இருந்த அண்ணைக்கு நேர்ஸ் போய்ச் சொன்னாளாம். அவர் "எத்தனை லீற்றர்?" என்று கேட்டாராம்.

அண்ணை இங்கே வந்த முதல் மாதத்தில் ஒரு நாள் என்னோடு மெஷின் அறைக்கு வந்தார். முதலில் சில்லைத்தான் பார்த்தார், மணிக்கூட்டை எடுத்து எண்ணினார். சரியாக இருபத்தைந்து. பிறகு வெள்ளைக் கப்பல் வந்தது. ஒரு வருடமாகக் கணக்குப் போட்ட கப்பலை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார். பனிப்பாறைக் காட்சி முடிந்ததும், "குணம், பாறை கப்பலுக்குப் பக்கத்திலை நிக்கேல்லை. பின்னாலை நிக்குது," என்றார். "தூரம் ரெண்டு மடங்கெண்டால் பாறையும் ரெண்டு மடங்கு. கணக்கு எட்டு மடங்கு." நான் இல்லை என்றேன். நாற்பத்தைந்து கோடி சுன்னாகம் என்று அவர் நிற்க, நான் விட்டுக்கொடுக்காமல் நிற்க, நேர்ஸ் ஓடிவந்து என் பிரஷரைப் பார்த்தாள். இன்னும் முடிவில்லை.

மச்சாள், இங்கே வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "வந்த ஆள் ஏன் திரும்பிப் போறார்? ஒரு அகதிக் கேஸ் போட்டால் பிறகு குடும்பத்தையும் எடுக்கலாமே," என்றார்கள். நானும் ஒரு தரம் கேட்டேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் என்னைப் பார்த்து, "உனக்கு ஒண்டைத் தந்திட்டன். மிச்சம் இருக்கிறது அவளுக்கு," என்றார். அவரே கடைக்குப் போய் அருந்ததிக்குச் சட்டைத்துணி எடுத்தார். உங்களுக்கு எடுத்த சேலையை மூன்று தரம் மாற்றினார்.

நீங்கள் கோபம் என்று எழுதிய வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் என்னால் நம்ப முடிந்தது. கையெழுத்து வைத்தது நீங்கள். ஒன்பது மாதம் ஒவ்வொரு நாளும் அதற்குப் பதில் சொல்லக் காத்திருந்ததும் நீங்கள். எனக்குள்ளே இப்போது ஓடிக்கொண்டிருப்பது அண்ணையினுடையது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் பாதி உங்களுடையது என்று எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதினால் நீங்கள் ஏசுவீர்கள். எழுதவில்லை.

இதைத் தபாலில் போடவில்லை, அவருடைய கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆகவே நீங்கள் இதை வாசிக்கும்போது அவர் முன்னால் நிற்பார். முதலில் இருக்கச் சொல்லுங்கள், களைத்திருப்பார். இடப்பக்கம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத் தழும்பு இருக்கிறது. பார்த்துப் பயப்பட வேண்டாம், நன்றாக ஆறிவிட்டது. நோகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். குளிர்நாளில் இழுக்கும், எண்ணெய் தடவிவிடுங்கள். பாரம் தூக்கக்கூடாது. டொக்ரர் மூன்று மாதம் என்றார், நான் ஒரு வருடம் என்கிறேன். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதீர்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் மச்சாள்,
குணம்